பராகுவே போர் ஏன் மூண்டது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பராகுவே போர் 1864 டிசம்பரில் தொடங்கி 1870 மார்ச் 1 அன்று முடிந்தது. ஒரு பக்கம் பராகுவே, எதிர்ப்பக்கம் பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே ஆகிய மூன்று நாடுகள். அதனால் முக்கூட்டணிப் போர் என்றும் சொல்வார்கள். தென் அமெரிக்காவில் நாடுகளுக்கிடையே நடந்த போர்களில் இதுவே மிக அதிக உயிர்களைக் குடித்தது. இதன் காரணங்கள் பற்றி 150 ஆண்டுகளாகச் சண்டை ஓயவில்லை. இதைப் படிக்கத் தொடங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறோம். எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: 1863 ஏப்ரலிலிருந்து 1865 ஏப்ரல் வரையிலான இரண்டு ஆண்டுகளைத் தேதி வரிசையில் வைத்துப் பார்க்காத எந்த விளக்கமும் நிற்காது.

சுருக்கமாகச் சொன்னால், காரணம் என்ன?

நான்கு தகராறுகள் ஒரே சமயத்தில் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. பிரேசிலுக்கும் பராகுவேக்கும் எல்லையும் ஆற்றுப் போக்குவரத்தும் பிரச்சினை. அர்ஜென்டினாவுக்கும் பராகுவேக்கும் மிசியோனெஸ், சாக்கோ நிலப்பகுதிகள் பிரச்சினை. அர்ஜென்டினாவுக்குள்ளேயே புவெனஸ் ஐரிஸுக்கும் மற்ற மாகாணங்களுக்கும் அதிகாரப் போட்டி. நான்காவது, உருகுவேயின் உள்நாட்டுப் போர். முதல் மூன்றும் பழையவை. பல ஆண்டுகள் போரில்லாமலே இழுத்துக்கொண்டு கிடந்தவை. அவற்றை ஒன்றாகக் கட்டியது நான்காவதுதான்.

எல்லைத் தகராறு எந்த நிலத்துக்காக?

வடக்கே ஆபா, பிளாங்கோ என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே உள்ள நிலம். எல்லை ஆபாதான் என்றது பிரேசில். இன்னும் வடக்கே பிளாங்கோதான் என்றது பராகுவே. 1855இல் பிரேசில் ஒரு கடற்படையை ஆற்றின் வழியே அனுப்பிப் பார்த்தது, காரியம் ஆகவில்லை. 1856இல் கையெழுத்தான ஒப்பந்தம் எல்லைக் கேள்வியை ஆறு ஆண்டுகளுக்குத் தள்ளிவைத்தது. அந்தக் கெடு 1862இல் முடிந்தது, தீர்வு எதுவும் வரவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பராகுவேயின் ஆட்சியாளர் கார்லோஸ் அன்டோனியோ லோபஸ் இறந்தார், அக்டோபரில் மகன் பிரான்சிஸ்கோ சொலானோ லோபஸ் ஆட்சிக்கு வந்தார்.

ஆனால் எல்லைத் தகராறு மட்டும் போருக்குக் காரணம் என்று எழுதினால், 1862இலேயே போர் ஏன் வரவில்லை என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது.

ஆறு ஏன் அவ்வளவு முக்கியம்?

வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். பிரேசிலின் மாட்டோ க்ரோஸோ மாகாணத்துக்குத் தலைநகர் ரியோ டி ஜெனிரோவிலிருந்து தரைவழியாகப் போக மாதக்கணக்கில் ஆகும். நடைமுறையில் இருந்த வழி நீர்வழிதான். கடல் வழியாகத் தெற்கே இறங்கி, லா பிளாட்டா முகத்துவாரத்தில் நுழைந்து, பரானா ஆற்றில் ஏறி, அதிலிருந்து பராகுவே ஆற்றுக்குத் திரும்பி, பராகுவேயின் தலைநகர் அசுன்சியோனைத் தாண்டி வடக்கே போக வேண்டும். சொந்த மாகாணத்துக்குப் போக மற்றவர்களின் நாட்டைக் கடக்க வேண்டிய நிலை. அந்த வழியின் தொண்டையில், ஆற்று வளைவு ஒன்றில், உமைத்தா கோட்டையைப் பராகுவே கட்டி வைத்திருந்தது.

பராகுவேயின் நிலை இன்னும் நெருக்கடியானது. அதற்குக் கடற்கரை கிடையாது; ஏற்றுமதியான யெர்பா மாத்தே தேயிலையும் புகையிலையும் தோலும் இதே ஆற்று வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஆற்றின் வாயிலில் இரண்டு துறைமுகங்கள்: அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ், உருகுவேயின் மான்டேவீடியோ. முதலாவதை நம்ப முடியாது என்று அசுன்சியோன் கருதியது. எனவே இரண்டாவது யார் கையில் இருக்கிறது என்பது அதற்கு வாழ்வா சாவா பிரச்சினை. உருகுவே விவகாரத்தில் லோபஸ் ஏன் மூக்கை நுழைத்தார் என்று கேட்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

உருகுவேயில் என்னதான் நடந்தது?

இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

உருகுவேயில் இரண்டு கட்சிகள்: பிளாங்கோ, கொலராடோ. 1860 முதல் ஆட்சியில் இருந்தவர் பிளாங்கோ கட்சியின் பெர்னார்டோ பெர்ரோ. கொலராடோ தலைவர் வெனான்சியோ புளோரஸ் நாடு கடந்து அர்ஜென்டினாவில் இருந்தார். அங்கே 1861 செப்டம்பர் 17 அன்று நடந்த பாவோன் சண்டையில் புவெனஸ் ஐரிஸின் தலைவர் பார்த்தலோமே மித்ரேக்காகப் போரிட்டவர் அவர். அந்தச் சண்டையில் வென்ற மித்ரே 1862இல் ஒன்றுபட்ட அர்ஜென்டினாவின் ஜனாதிபதி ஆனார். ஆக, புளோரஸுக்கு மித்ரே கடன்பட்டிருந்தார்.

1863 ஏப்ரல் 19 அன்று புளோரஸ் ஒரு சிறு கூட்டத்தோடு ஆற்றைக் கடந்து உருகுவேயில் இறங்கினார். அர்ஜென்டினா வெளியில் நடுநிலை பேசியது. ஆனால் ஆட்களும் ஆயுதங்களும் புவெனஸ் ஐரிஸிலிருந்து போய்க்கொண்டே இருந்தன. ஜூன் மாதம் ‘சால்ட்டோ’ என்ற அர்ஜென்டினக் கப்பலை உருகுவே அதிகாரிகள் மடக்கிச் சோதித்தபோது கிளர்ச்சிக்காரர்களுக்கான ஆயுதங்கள் சிக்கின. செப்டம்பரில் பராகுவே இதற்கெல்லாம் விளக்கம் கேட்டு மித்ரே அரசுக்கு எழுதியது. அதற்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

பிரேசில் உள்ளே வந்தது வேறு வாசல் வழியாக. அதன் தென்கோடி மாகாணம் ரியோ கிராண்டே டோ சுல். அங்குள்ள மாட்டுப்பண்ணை முதலாளிகள் பலருக்கு எல்லை தாண்டி உருகுவேயிலும் நிலமும் மந்தையும் இருந்தன. பெர்ரோ அரசு 1851 வணிக ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தது, எல்லை தாண்டி ஓட்டிச்செல்லும் மாடுகளுக்கு வரி போட்டது. பிரேசில் முதலாளிகள் தங்கள் அடிமைகளை ‘ஒப்பந்தக் கூலிகள்’ என்று காட்டி உருகுவேக்குக் கொண்டுவந்து வேலை வாங்கியதற்கும் தடைகள் விதித்தது. முதலாளிகள் கொதித்தார்கள், புளோரஸின் படையில் சேர்ந்தவர்களும் உண்டு. 1864 தொடக்கத்தில் அவர்கள் சார்பில் ஜெனரல் நேட்டோ ரியோவுக்கே போய் அரசை நெருக்கினார். ரியோ அரசால் அவரை அலட்சியப்படுத்த முடியவில்லை. ஏனென்றால் இதே மாகாணம் 1835 முதல் 1845 வரை பத்தாண்டுகள் தனிநாடு கேட்டுப் போராடியது. நேட்டோ அந்தப் போராட்டத்தின் தளபதிகளில் ஒருவர்.

1864 மே மாதம் பிரேசிலின் தூதர் சராய்வா 63 புகார்கள் கொண்ட பட்டியலோடு மான்டேவீடியோ வந்து சேர்ந்தார். உருகுவே தன் பங்குக்கு 48 புகார்களை நீட்டியது.

சமரசத்துக்கு வாய்ப்பே இல்லாமல் போனதா?

இருந்தது, கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. 1864 ஜூன் 18 அன்று புந்தாஸ் தெல் ரொசாரியோ என்ற இடத்தில் சராய்வா, அர்ஜென்டின வெளியுறவு அமைச்சர் எலிசால்டே, பிரிட்டன் தூதர் தார்ன்டன் மூவரும் புளோரஸோடும் உருகுவே அரசின் பிரதிநிதிகளோடும் உட்கார்ந்து பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். மார்ச் மாதம் பெர்ரோவுக்குப் பின் பொறுப்பேற்ற அத்தானாசியோ அகிர்ரே பெரும்பாலானவற்றை ஏற்றார். ஆனால் அமைச்சரவையை மாற்ற வேண்டும் என்று புளோரஸ் தனிக் கடிதத்தில் வைத்த நிபந்தனையில் எல்லாம் உடைந்தது. தன் கட்சியின் விட்டுக்கொடுக்காத பிரிவினரை மீறி அதைச் செய்ய அகிர்ரேவால் முடியவில்லை. ஆகஸ்ட் 4 அன்று சராய்வா ஆறு நாள் கெடு வைத்து இறுதி எச்சரிக்கை கொடுத்தார். உருகுவே அரசு அந்தக் கடிதத்தையே திருப்பி அனுப்பிவிட்டது.

இந்த ஏழு வாரங்களைப் பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. போர் தவிர்க்க முடியாதது என்ற எண்ணம் அதனால்தான் வருகிறது.

லோபஸ் எப்போது, எப்படித் தலையிட்டார்?

1859இல் புவெனஸ் ஐரிஸுக்கும் அர்ஜென்டினக் கூட்டமைப்புக்கும் சண்டை மூண்டபோது நடுவராக இருந்து உடன்பாடு செய்து வைத்தவர் இளம் லோபஸ். 1864இல் அதே வேலைக்கு முன்வந்தார். பிரேசில் வேண்டாம் என்றது. இது அவருடைய தன்மானத்தைச் சுட்டது என்று எழுதுபவர்கள் உண்டு. அதில் உண்மை இருக்கலாம், ஆனால் அதைவிட முக்கியமானது ஆகஸ்ட் 30 தேதியிட்ட குறிப்பு. வெளியுறவு அமைச்சர் ஹோசே பெர்கெஸ் அசுன்சியோனில் இருந்த பிரேசில் தூதருக்குக் கொடுத்தது அது. உருகுவே மண்ணைப் பிரேசில் படைகள் தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ பிடித்தால், லா பிளாட்டா நாடுகளின் சமநிலைக்கு எதிரான செயலாகப் பராகுவே அதைக் கொள்ளும் என்றது.

பிரேசில் இதை வெறும் மிரட்டல் என்று நினைத்தது. அக்டோபர் 12 அன்று அதன் படைப்பிரிவு ஒன்று எல்லை தாண்டியது.

எங்கள் கணிப்பில் மொத்தக் கதையின் மையம் இந்த ஆறு வாரங்கள்தான். சொன்னதைச் செய்வோம் என்று ஒருவர் நினைத்தார், சொல்வதோடு நிற்பார் என்று மற்றவர் நினைத்தார்.

முதல் அடி யாருடையது?

கேள்வியை எப்படிக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். உருகுவேயை எண்ணினால், முதலில் எல்லை தாண்டியது பிரேசில். பிரேசிலும் பராகுவேயும் நேரடியாக மோதியதை எண்ணினால், முதலில் கை வைத்தது பராகுவே.

நவம்பரில் ‘மார்க்கேஸ் டி ஒலிண்டா’ என்ற பிரேசில் நீராவிக் கப்பல் வழக்கமான பயணத்தில் அசுன்சியோனில் நின்று, மாட்டோ க்ரோஸோவை நோக்கிப் புறப்பட்டது. அதில் அந்த மாகாணத்தின் புதிய ஆளுநர் கார்னெய்ரோ டி கம்போஸ் இருந்தார். லோபஸின் உத்தரவுப்படி ‘தக்குவாரி’ போர்க்கப்பல் துரத்திப் பிடித்து, 12ஆம் தேதி அதைச் சிறைவைத்தது. டிசம்பரில் பராகுவே படைகள் இரண்டு பிரிவாக வடக்கே போயின: ஆற்று வழியில் பாரியோஸ், தரைவழியில் ரெஸ்கின். 27ஆம் தேதி கோயிம்ப்ரா கோட்டை தாக்கப்பட்டது.

இங்கே ஒரு ராணுவப் புதிர் இருக்கிறது. உருகுவேயைக் காப்பதற்காகப் போருக்குப் போனவர் ஏன் வடக்கே போனார்? முதுகுப்பக்கத்தைப் பாதுகாக்கவும், அங்கிருந்த ஆயுதக் கிடங்குகளைக் கைப்பற்றவும் என்பது பொதுவாகத் தரப்படும் விளக்கம். விளைவு கசப்பானது. 1865 ஜனவரி 2 அன்று உருகுவேயின் பைசாண்டு நகரம் முற்றுகையில் வீழ்ந்தது. அதைக் காத்த லியாண்ட்ரோ கோமெஸ் சுட்டுக்கொல்லப்பட்டார். பிப்ரவரி 20 அன்று மான்டேவீடியோவும் பணிந்து, புளோரஸ் ஆட்சிக்கு வந்தார். யாருக்காகப் போர் தொடங்கியதோ அவர்களே போய்விட்டார்கள்.

நேரத்தையும் அவர் தவறவிட்டார். ஐரோப்பிய நாடுகளின் கப்பல் தளங்களில் பராகுவே இரும்புக்கவசக் கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. அவை வந்து சேருமுன்பே போர் தொடங்கி, ஆற்று வாயில் அடைபட்டது. இங்கிலாந்தின் லேர்ட் நிறுவனம் கட்டிய இரண்டு கப்பல்கள் உட்பட, அவற்றை வாங்கிப் போரில் பயன்படுத்தியது பிரேசில்.

அர்ஜென்டினா எப்படி உள்ளே வந்தது?

பிரேசிலின் தெற்கு எல்லைக்குப் போக, அர்ஜென்டினாவின் கொரியென்டெஸ் மாகாணத்தைக் கடக்க வேண்டும். 1865 ஜனவரி 14 தேதியிட்டு லோபஸ் அனுமதி கேட்டார். பிப்ரவரி 9 அன்று மித்ரே மறுத்தார். அதன்பின் வரும் தேதிகளைத் தனித்தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்:

மார்ச் 18: பராகுவே காங்கிரஸ் போருக்கு ஒப்புதல்.
மார்ச் 29: போர் அறிவிப்புக் கடிதத்தின் தேதி.
ஏப்ரல் 13: கொரியென்டெஸ் துறைமுகத்தில் இரண்டு அர்ஜென்டினக் கப்பல்கள் பறிமுதல், மறுநாள் நகரம் பிடிபடுகிறது.
மே 3: போர் அறிவிப்பு புவெனஸ் ஐரிஸுக்கு முறையாகக் கிடைக்கிறது.

அறிவிக்காமல் அடித்தார்கள் என்று மித்ரே நாட்டைத் திரட்டியது இந்த இடைவெளியை வைத்துத்தான். செய்தி அவருக்கு முன்னதாகவே எட்டியிருந்ததா என்பது இன்றும் விவாதம். ஆனால் மார்ச் 29 தேதியை மட்டும் சொல்லி மே 3ஐ விட்டுவிடும் கட்டுரையும், மே 3ஐ மட்டும் சொல்லி மார்ச் 29ஐ விட்டுவிடும் கட்டுரையும் ஒரு பக்கத்துக்காக எழுதப்பட்டவை என்று தயங்காமல் முடிவுகட்டலாம்.

லோபஸின் இன்னொரு கணக்கும் பொய்த்தது. என்ட்ரே ரியோஸ் மாகாணத்தின் பலம்வாய்ந்த தலைவர் உர்கிசா, புவெனஸ் ஐரிஸுக்கு எதிராகத் தன்னோடு சேர்வார் என்று நம்பியிருந்தார். உர்கிசா மித்ரே பக்கமே நின்றார். பிரேசில் படைக்கு ஏராளமான குதிரைகளையும் விற்றார்.

பிரிட்டன்தான் பின்னாலிருந்து தூண்டியதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி. 1960, 70களில் லியோன் போமெர், ஜூலியோ ஹோசே சியாவெனாட்டோ போன்ற எழுத்தாளர்கள் பரப்பிய கருத்து இது: தன் காலில் நின்று வளர்ந்த பராகுவேயை நசுக்க, சந்தையும் பருத்தியும் வேண்டிய பிரிட்டன் அண்டை நாடுகளை ஏவிவிட்டது என்பது. ராணுவ ஆட்சிகள் நடந்த காலத்தில் இளைஞர்களை இது ஈர்த்ததில் வியப்பில்லை. வல்லரசுகள் மீதான அந்தக் கோபத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் ஆவணங்கள் ஒத்துழைக்கவில்லை.

முதலாவது, 1863இல் பிரேசில் பிரிட்டனுடனான தூதரக உறவையே முறித்திருந்தது. கிறிஸ்டி என்ற தூதரின் அடாவடியால் வந்த முறிவு அது. 1865 செப்டம்பரில்தான் சரியானது. போர் தொடங்கிய நாளில் இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. இரண்டாவது, பராகுவேயின் ரயில்பாதை, ஆயுதச்சாலை, கப்பல் பட்டறை எல்லாவற்றிலும் வேலை பார்த்தவர்களில் முக்கியமானவர்கள் சம்பளத்துக்கு வந்த பிரிட்டிஷ் பொறியாளர்கள். இயந்திரங்கள் வந்ததும் லண்டனிலிருந்துதான். மூடிய சந்தை என்பது பொருந்தவில்லை. பருத்திப் பயிரை லோபஸ் அரசே ஊக்குவித்தது. மூன்றாவது, லண்டன் வங்கியான ராத்சைல்டு தந்த கடன். பிரேசிலுக்கு அது கிடைத்தது 1865இல், போர் நடந்துகொண்டிருக்கும்போது. போரின் செலவில் பெரும்பகுதியைப் பிரேசில் உள்நாட்டிலேயே திரட்டியது.

பிரிட்டன் குற்றமற்றது என்று இதற்குப் பொருளல்ல. தார்ன்டனுக்கு லோபஸ் மீது வெறுப்பு இருந்தது. அவர் கடிதங்களில் அது தெரிகிறது. 1859இல் புவெனஸ் ஐரிஸ் அருகே லோபஸ் பயணம் செய்த கப்பலையே பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மறித்தன. வங்கிகள் லாபமும் பார்த்தன. போரால் லாபம் அடைந்தது வேறு, போரை உண்டாக்கியது வேறு. இரண்டுக்கும் தனித்தனிச் சான்று வேண்டும். 2002இல் பிரேசில் வரலாற்றாசிரியர் டொராட்டியோட்டோ வெளியிட்ட ஆய்வுக்குப் பின் பிரேசிலியப் பல்கலைக்கழகங்களில் பழைய கருத்து பெருமளவு கைவிடப்பட்டது. எங்களுக்கு அந்த ஆய்வில் ஒரு குறை தெரிகிறது: போருக்கான பொறுப்பில் லோபஸின் பங்கை அது கொஞ்சம் கூடுதலாகவே எடைபோடுகிறது.

முக்கூட்டணி ஒப்பந்தம் போருக்கான சதித்திட்டமா?

அது கையெழுத்தானது 1865 மே 1 அன்று. கொரியென்டெஸ் பிடிபட்டு இரண்டு வாரங்கள் கழிந்திருந்தன. லோபஸ் அரசு வீழும்வரை ஆயுதத்தைக் கீழே வைப்பதில்லை, உமைத்தாவை இடித்துவிட வேண்டும், எல்லைகள் இன்னின்ன என்றெல்லாம் ரகசியமாக எழுதிக்கொண்டார்கள். 1866இல் பிரிட்டன் அரசு அதை வெளியிட்டதும் உலகம் அதிர்ந்தது. போர் ஏன் அவ்வளவு நீண்டது என்பதற்கு இது வலுவான காரணம். போர் ஏன் தொடங்கியது என்பதற்குக் காரணமாகாது. பின்னால் வந்தது முன்னால் நடந்ததை உண்டாக்க முடியாது.

கூட்டணி உண்மையில் 1864 ஜூன் 18 அன்றே பிறந்தது என்று சராய்வா சொன்னதை இதற்கு எதிராகக் காட்டுவார்கள். அவர் அதை எழுதியது முப்பது ஆண்டுகள் கழித்து, 1894இல். முதுமையில் எழுதிய ஒற்றைக் கடிதத்தை அந்த நாளின் ஆவணங்களோடு ஒப்பிட்ட பிறகே எடுத்தாள வேண்டும்.

லோபஸ் பேரரசன் ஆக விரும்பினார், பிரேசில் இளவரசியைப் பெண் கேட்டார் என்பது?

அப்படிக் கேட்டதற்கு நம்பத்தக்க ஆவணம் இல்லை. எதிரிகளின் பிரச்சாரத்தையும் போருக்குப் பின் எழுதப்பட்ட நினைவுக்குறிப்புகளையும் கொண்டு இந்தச் சித்திரம் கட்டப்பட்டது. எதிர்த்திசையிலும் எச்சரிக்கை தேவை. பராகுவேயில் நெடுங்காலம் கொடுங்கோலன் என்று ஏசப்பட்டவர், 1936 மார்ச் 1 அன்று அரசு ஆணை மூலம் தேசிய வீரர் ஆனார். அந்த ஆணைக்குப் பின் அங்கே எழுதப்பட்டவற்றில் அவருடைய 1864 முடிவுகள் மீதான விமர்சனம் மெலிந்துபோகிறது.

பராகுவேயில் எத்தனை பேர் இறந்தார்கள்? எண்கள் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன?

போருக்கு முந்தைய மக்கள்தொகையை யாரும் சரியாக எண்ணவில்லை. 13 லட்சம் என்று சொல்லும் 1857 கணக்கு மிகைப்படுத்தப்பட்டது; அதை நம்பிக் கணக்கிட்டால் இறப்பு பத்து லட்சத்தைத் தாண்டும். 1988இல் வரலாற்றாசிரியர் வேரா பிளின் ரீபர் இழப்பு 8.7 முதல் 18.5 சதவீதம் வரைதான் என்றார். 1999இல் தாமஸ் விகாம், பார்பரா போத்தாஸ்ட் இருவரும் 1870 மக்கள்தொகைக் கணக்கை வெளிக்கொணர்ந்தார்கள். அதில் எண்ணப்பட்டவர்கள் சுமார் 1,16,000 பேர்; விடுபட்டவர்களையும் சேர்த்தால் மிஞ்சியவர்கள் 1,41,000 முதல் 1,66,000 வரை என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். முன்பிருந்தவர்கள் 4,20,000 முதல் 4,50,000 வரை என்று கொண்டால் இழப்பு 60 முதல் 69 சதவீதம். 1870 கணக்கு முழுமையானதா என்ற ஆட்சேபம் உண்டு. என்றாலும் பேரழிவு என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. பெரும்பாலோர் பசியிலும் நோயிலும் மடிந்தவர்கள்.

நானே ஆராய விரும்பினால் எங்கே தொடங்குவது?

நான்கு பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை போடுங்கள்: நிகழ்ந்த தேதி, நிகழ்ச்சி, அந்தச் செய்தி ஒவ்வொரு தலைநகருக்கும் போய்ச் சேர்ந்த தேதி, அதன்மேல் எடுத்த முடிவின் தேதி. இந்தத் தலைநகரங்களை இணைக்கும் தந்தி அப்போது கிடையாது. செய்தி நீராவிக் கப்பலில்தான் போகும். மூன்றாவது பத்தியை நிரப்பாமல் யாரையும் குற்றம் சாட்டக் கூடாது. அக்டோபர் 12 அன்று நடந்ததை அசுன்சியோன் அன்றே அறிந்ததாக வைத்துக்கொண்டு எழுதிய கட்டுரைகள் பலவும் இங்கேதான் சறுக்குகின்றன.

பராகுவேயின் அரசு ஆவணங்களில் பெரும் தொகுதி ஒன்றைப் போரின்போது பிரேசில் படை எடுத்துப்போனது. ரியோ தேசிய நூலகத்தில் ரியோ பிராங்கோ தொகுப்பாக நெடுங்காலம் இருந்து, பிறகு திரும்பி வந்தது. அந்தக் காலத்துப் பராகுவே ஆசிரியர்கள் தம் நாட்டு ஆவணங்களையே பார்க்காமல் எழுத நேர்ந்தது இதனால்தான். செய்தித்தாள்களில் அசுன்சியோனின் ‘எல் செமனாரியோ’ அரசு நடத்தியது. புவெனஸ் ஐரிஸின் ‘லா நசியோன் அர்ஹென்தினா’ மித்ரேயின் குரல். இரண்டையும் ஒரே வாரத்து இதழ்களாக எடுத்து அருகருகே வைத்துப் படியுங்கள். லோபஸின் படையில் பணியாற்றிய பொறியாளர் ஜார்ஜ் தாம்சன் 1869இல் எழுதியது போர்க்கள விவரங்களுக்கு அருமையானது. காரணங்களுக்கு அதை நம்ப வேண்டாம், ஏனென்றால் எழுதும் நேரத்தில் அவர் லோபஸை முற்றிலும் வெறுத்திருந்தார். ஸ்பானிஷ் மட்டும் தெரிந்தால் போதாது. உருகுவே எல்லைப் பண்ணைகளின் கதை முழுக்கப் போர்த்துகீசியக் காகிதங்களில் இருக்கிறது.